உள்ளே மட்டும் வரும் அம்புகள்

வட்டம் டீச்சர் என்றால் அந்த ஊரில் தெரியாதவர்கள் குறைவு. முகத்தைப் பார்த்து வைத்த பெயரென்று நினைத்துவிட வேண்டாம், முகம் நீளவாக்குதான். எந்த வகுப்பானாலும் முதலில் பலகையில் பெரிதாக ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பலகை போய்க் கம்ப்யூட்டர் திரை வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்து அவர் போடும் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரிதான் வரும். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் அடுத்த கேள்வி தனக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரொம்ப வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவர். ஆய்வகத்தில் சாமான் இல்லையென்று மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகு, "உங்க வீட்டுல செத்துப் போன சாமான் எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். ரேடியோ வந்தது, அயர்ன் பாக்ஸ் வந்தது, ஓடாத ஃபேன் வந்தது. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் உயிர் கொடுத்தார். அப்போது பிடித்தது அந்தப் பைத்தியம். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் விடவில்லை.

வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றதும் ஊரில் இருந்த முதியோர் கல்வி மையத்தில் கூப்பிட்டார்கள். சுழற்சிப் பொருளாதாரம் என்று ஒரு புதுப்பாடம் தொடங்கப் போகிறோம், வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே படிக்கிற மாதிரி மாலை நேரத்தில் ஆன்லைனில் நடத்த முடியுமா என்று கேட்டார்கள். டீச்சர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இத்தனை நாள் தான் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு இப்படி ஒரு பெரிய பெயர் இருப்பது தெரிந்ததில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பாடம் என்னவோ எளிமையானதுதான். ஒரு பொருளை வாங்குகிறோம், உபயோகிக்கிறோம், தூக்கிப் போடுகிறோம். அது நேர்ரோடு, அந்த ரோடு குப்பைமேட்டில் போய் முடியும். அந்த ரோட்டை வளைத்து வட்டமாக்க வேண்டும். ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவர் கைக்குப் போக வேண்டும், உடைந்தது சரியாக வேண்டும், சரியாகாததைப் பிரித்து உறுப்பு உறுப்பாக உபயோகிக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் கொட்டாவி வரும் என்று டீச்சருக்குத் தெரியும். அதனால் மையத்தின் இணையப் பக்கத்தில் ஒரு வரைபடம் செய்ய வைத்தார். அதில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. வீட்டுக்குள் ஒரு பொருள் வந்தால் உள்ளே ஓர் அம்பு, வெளியே போனால் வெளியே ஓர் அம்பு. பொருளின் மேல் ஒரு சின்ன க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதும், அது யார் யார் கைக்குப் போனாலும் செல்போனைக் காட்டி அதன் கதையைப் படத்தோடு தெரிந்துகொள்ளலாம்.

படிக்க வந்தவர்களும் நல்ல கலவை. தையல்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், எல்லோரும் பாங்க் ஐயா என்று கூப்பிடும் ரிட்டையர்டு மேனேஜர் ஒருவர், நர்ஸ்கள், கடைக்காரர்கள், வேலை தேடும் பட்டதாரிகள். முதல் நாளே டீச்சர் ஒரு சட்டம் போட்டார்.

"யாரும் சொந்தப் பேருல வீட்டுப்பாடம் எழுத வேணாம். ஒரு புனைபெயர் வச்சுக்குங்க. நம்ம வீட்டுக் குப்பையைப் பத்தி எழுதப் போறோம். பேர் தெரிஞ்சா வெட்கம் வரும், வெட்கம் வந்தா பொய் வரும். எனக்கு உண்மைதான் வேணும்."

அவர் போட்ட இந்தச் சட்டம்தான் பின்னால் அவர் காலையே வாரிவிட்டது.

இப்போது டீச்சர் வீட்டுக்குப் போவோம். இரண்டு படுக்கையறை உள்ள மாடி வீடு. ஓர் அறையில் டீச்சரும் அவர் வீட்டுக்காரரும். வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். எந்த நெரிசலிலும் பதற்றப்படாத மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். இன்னோர் அறை மகளுடையது என்று பேர். மகள் வெளியூரில் ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போய்ச் சில வருஷம் ஆகிறது. அவள் போன பிறகு அந்த அறையின் கதவு பாதிதான் திறக்கும். மீதிப் பாதியை உள்ளே இருந்து சாமான்கள் தடுத்தன.

மிக்ஸி, டேபிள் ஃபேன், பிரின்டர், பழைய மானிட்டர், டோஸ்டர், ரேடியோ, பெயர் தெரியாத பெட்டிகள் என்று கீழிருந்து மேல்வரை அடுக்கு. இதில் முக்கால்வாசி நன்றாக ஓடும் சாமான் என்பதுதான் வேடிக்கை. டீச்சர் கைபட்டு ஓடாமல் போனது எது? சிக்கல் அதற்கு அப்புறம்தான். சரிசெய்த பொருளை யாருக்குக் கொடுப்பது என்பதில் அவருக்குச் சமாதானமே வராது. கேட்டு வருகிறவர்களை உட்காரவைத்துப் பெண் பார்க்க வந்தவர்களைப் போல விசாரிப்பார்.

ஒருமுறை புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மிக்ஸிக்காக வந்தது.

"ஜாரைக் கழுவினா துடைச்சுக் காயவச்சுத்தான் மூடுவீங்களா?"

"துடைப்போம் டீச்சர்."

"விட்டு விட்டு அரைப்பீங்களா, ஒரே மூச்சுல ஓடவிடுவீங்களா?"

பையன் பெண்ணைப் பார்த்தான், பெண் பையனைப் பார்த்தாள். இருவரும் அடுத்த வாரம் வருகிறோம் என்று போனவர்கள்தான். புதுசாகவே ஒன்று வாங்கிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. "பாத்தீங்களா, பொறுப்பில்லாதவங்க. நல்லவேளை குடுக்கல" என்றார் டீச்சர். டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார். ஹார்ன் அடித்தும் நகராத வண்டிக்குப் பின்னால் நிற்கிற அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

இப்படி இருக்கையில் மகளுக்குச் சொந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே வேலை கிடைத்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் மகள் போன் பண்ணினாள்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரி பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு? வீடு இருக்கும்போது வாடகைக்கு ரூமா?"

"இல்லம்மா, அங்கிருந்து பஸ் வசதி சரியில்ல."

டீச்சருக்குச் சுருக்கென்றது. போனை வைத்ததும் டிரைவரிடம் பொரிந்து தள்ளினார். "பஸ் வசதி இல்லையாம்! அதே ரூட்டுல வண்டி ஓட்டுறவர் பெத்த பொண்ணு சொல்றா. வாசல்ல நின்னு கை காட்டினா ஏத்திட்டுப் போவீங்க. என்னங்க இது? நம்ம கூட இருக்கப் பிடிக்கலைன்னு சொல்ல வாய் வரல, அதான் பஸ் மேல பழியைப் போடுறா."

"அப்படி இருக்காது."

"வேற எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று டிரைவருக்குத் தெரியும். முந்தின நாளே மகள் அவருக்குத் தனியாகப் போன் போட்டு அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். "அப்பா, எனக்கு அங்க வரணும்னுதான் ஆசை. வந்து எங்க படுக்கிறது? போன தடவை வந்தப்ப ஹால்லதான் படுத்தேன். நான் கேட்டா அம்மா மனசு கஷ்டப்படும். நீங்களும் சொல்லாதீங்க, சத்தியமா சொல்லாதீங்க." மகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள் அவள் அந்த வாடகை ரூமை உறுதி செய்துவிடுவாள். மனைவியோ ஒவ்வொரு ராத்திரியும் சோற்றில் கை வைத்தபடி, "நான் என்ன குறை வச்சேன்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். டிரைவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வாழ்க்கையிலேயே செய்த ஒரே திருட்டு வேலை அதுதான். டிப்போவில் உட்கார்ந்து, ஒரு கண்டக்டரை உதவிக்கு வைத்துக்கொண்டு, மனைவியின் வகுப்பிலேயே மாணவராகச் சேர்ந்துவிட்டார். புனைபெயர்: ஜன்னலோரம்.

முதல் வீட்டுப்பாடம், தெரிந்த ஒரு வீட்டின் வரைபடத்தைப் போடுவது. ஜன்னலோரம் தன் அக்கா வீடு என்று ஒன்றைப் போட்டு அனுப்பினார். உஷாராக ஃபேனை எல்லாம் சைக்கிளாகவும், மிக்ஸியை எல்லாம் தையல் மெஷினாகவும் மாற்றிவிட்டார். அம்புகளை மட்டும் மாற்றவில்லை. எல்லா அம்பும் உள்ளேதான் வந்தன. வெளியே ஒன்றுகூட இல்லை. பார்த்தால் முள்ளம்பன்றியைத் திருப்பிப் போட்டது போல இருந்தது.

டீச்சருக்கு அந்த வரைபடம் ரொம்பப் பிடித்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் பாதி மறைத்து எழுதியிருக்க, இவர் ஒருவர்தான் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார். உற்சாகமாகக் கருத்து எழுதினார்.

"உங்கள் அக்கா நல்ல மனசுக்காரர் என்று தெரிகிறது. உடைந்ததைச் சரிசெய்கிறார், சரி. ஆனால் சரிசெய்து வீட்டிலேயே வைத்துக்கொண்டால் அது சுழற்சி ஆகாது, கிடங்கு. அவர் வீட்டில் இருப்பவர்கள் பாவம். பயப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்."

டிரைவர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே இதைப் படித்தார். மூன்றாவது தடவை படித்துவிட்டுப் பதில் போட்டார். "சொல்லப் பயமாக இருக்கிறது டீச்சர்."

"என்ன பயம்? கடித்துவிடுவாரா?"

"கடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அதற்குக் கடித்தாலே தேவலை."

டீச்சர் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார். அதோடு விட்டாரா? ராத்திரிச் சாப்பாட்டில் டிரைவரிடமே சொன்னார். "என் கிளாஸ்ல ஒருத்தர் இருக்காருங்க, பாவம், அக்காவுக்கு அப்படிப் பயப்படுறாரு. அந்தம்மா வீடு பூரா சாமானை அடைச்சு வச்சிருக்காங்களாம். இந்தக் காலத்துல இப்படியும் மனுஷங்க!"

டிரைவருக்குப் புரை ஏறிவிட்டது. டீச்சர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

இந்தக் கடிதப் போக்குவரத்து மூன்று வாரம் நடந்தது. டீச்சரின் கருத்துகள் வரவர சூடேறின. "அந்த அறையில் யார் இருக்க வேண்டியது?" என்று கேட்டார். "அக்கா மகள்" என்று பதில் வந்தது. "அவள் எங்கே இருக்கிறாள்?" "வெளியே ரூம் பார்க்கிறாள்." இதைப் படித்ததும் டீச்சருக்கு வந்ததே கோபம்! "பெற்ற பிள்ளைக்கு இடமில்லாமல் தையல் மெஷினுக்கு இடம் கொடுக்கும் அம்மாவை நான் பார்த்ததில்லை. இவரிடம் நானே பேசுகிறேன், நம்பர் கொடுங்கள்" என்று தட்டிவிட்டார். தன் மகளும் அதே வாரம்தான் ரூம் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது அவர் மூளைக்கு எட்டவே இல்லை. அடுத்தவர் வீட்டு விஷயம் என்றால் நமக்கு எல்லாமே பளிச்சென்று தெரிகிறது, நம் வீட்டில் கண் அவிந்து போகிறது. டீச்சரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை.

ஜன்னலோரம் நம்பர் கொடுக்கவில்லை. அதனால் டீச்சர் நேரடி வகுப்பில் விஷயத்தை எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை ஹாலில் லேப்டாப்பை வைத்து, பின்னால் கொடியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். டிரைவருக்கு அன்று வாரவிடுப்பு. "நான் கொஞ்சம் படுக்கிறேன்" என்று எழுந்து போனார். போனவர் படுக்கவில்லை. அவரைத் தேடி மனைவி எட்டிப் பார்க்காத இடம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அடைசல் அறையின் பாதிக் கதவு வழியாக உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்து, இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் ஒரு மானிட்டர் மேல் உட்கார்ந்து, செல்போனில் வகுப்புக்குள் வந்தார்.

டீச்சர் திரையில் முள்ளம்பன்றி வரைபடத்தைக் காட்டினார். "எல்லாரும் இதைப் பாருங்க. இது ஜன்னலோரம் போட்டது. இதுல என்ன தப்பு?"

"எதுவுமே வெளிய போகலையே டீச்சர்" என்றார் தையல்காரம்மா.

"அதான்! வட்டம்னா வர்றதுக்கு வழி இருக்கிற மாதிரி போறதுக்கும் வழி இருக்கணும். ஜன்னலோரம், நீங்க இன்னைக்குப் பேசறீங்க. இத்தனை பேர் கூட இருக்கோம், என்ன பயம்? மைக்கை ஆன் பண்ணுங்க."

ஜன்னலோரத்தின் மைக் அணைந்தே இருந்தது.

"நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. பேர் பச்சையா எரியுது. ஆன் பண்ணுங்க, நான் இருக்கேன்."

முப்பது வருஷம் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய கை தானாகவே போய் மைக்கைத் தட்டியது. அவ்வளவுதான். டீச்சரின் குரல் ஹாலிலிருந்து சுவரைத் தாண்டி டிரைவரின் போனுக்குள் போய், அங்கிருந்து டீச்சரின் லேப்டாப்புக்குத் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, காதைக் கிழிக்கிற மாதிரி ஓர் ஊளை கிளம்பியது. பாங்க் ஐயா காதைப் பொத்திக்கொண்டார். டிரைவர் பதறிப்போய் எழுந்தார். எழுந்த வேகத்தில் தோள் இடித்து, அடுக்கின் மேலிருந்த டேபிள் ஃபேன் சரிந்தது. அது டோஸ்டரைத் தள்ள, டோஸ்டர் ரேடியோவைத் தள்ள, தடதடவென்று மலையே இறங்கியது.

"டீச்சர், அவர் வீட்டுல ஏதோ விழுந்துடுச்சு!" என்று கத்தினார் தையல்காரம்மா. ஒரு விநாடி கழித்து, "உங்க வீட்டுலயும் விழுந்துச்சு!"

"ஒரே நேரத்துல ரெண்டு வீட்டுலயும் விழறது ஆச்சரியம்தான்" என்றார் பாங்க் ஐயா. அவர் எதையும் நிதானமாகச் சொல்கிறவர்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். பாதிக் கதவு வழியாக முதலில் ஒரு கால் வந்தது, பிறகு ஒரு ஃபேன் மூடி வந்தது, பிறகு அதைக் கையில் பிடித்தபடி டிரைவர் வந்தார். இன்னொரு கையில் செல்போன். அதில் டீச்சரின் முகம்.

வகுப்பில் தையல்காரம்மாதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர்... அப்ப அந்த அக்கா...?"

டீச்சர் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார்.

டீச்சர் பேசுவார் என்று டிரைவர் காத்திருந்தார். பேசவில்லை. பயந்தது நடந்தேவிட்டது என்று ஃபேன் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டார். டீச்சர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சமையலறைக்குப் போய் ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தார். பிறகு மறுபடி லேப்டாப்பைத் திறந்து, ஜன்னலோரத்துக்குத் தான் எழுதிய கருத்துகளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"யாருங்க இந்த டீச்சர்? வாய் ரொம்ப நீளம்" என்றார்.

டிரைவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நல்ல டீச்சர்தான். சொன்னது எல்லாம் சரிதான்."

"ஏன் இந்த நாடகம்? நேரா சொன்னா என்ன?"

"பாப்பா சத்தியம் வாங்கிட்டா. உனக்குக் கஷ்டமா இருக்கும்னா. அவளுக்கு இங்க வரணும்னுதான் ஆசை. படுக்க இடம் இல்ல. அதான் பஸ் மேல பழி."

இவ்வளவுதானா விஷயம்? மகளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று இத்தனை நாள் உள்ளுக்குள் புழுங்கினாரே, அவளோ அம்மா மனசு நோகக் கூடாதென்று ஹாலில் படுத்துவிட்டு வாயைத் திறக்காமல் போயிருக்கிறாள். டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதார். அழுதுகொண்டே, "அந்த ஃபேன் மூடியைக் கீழ வைங்க, கையைக் கிழிச்சுக்கப் போறீங்க" என்றார்.

அடுத்த வகுப்புக்கு அவர் ஹாலில் உட்காரவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலுக்கே போனார். கேமராவைப் பாதிக் கதவுக்குள் நீட்டி, எல்லாவற்றையும் காட்டினார்.

"அக்கா நான்தான். உங்க எல்லாருக்கும் பாடம் எடுத்தேன், என் வீட்டுக்கு எடுக்கல. வர்ற லீவு நாள்ல எல்லாரும் வாங்க. எது வேணுமோ எடுத்துக்குங்க. நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன்."

"மெய்யாவா டீச்சர்?" என்றது ஒரு குரல். மிக்ஸி கேட்டு வந்து ஓடிப்போன பையனின் அத்தை அவர். வீட்டில் அந்தக் கதை ஓடியிருக்கிறது.

லீவு நாள் காலையில் படிக்கட்டு முழுக்க ஆட்கள். டிரைவர் வாசலில் நின்று, "உள்ளே இருக்கிறவங்க இறங்கின பிறகு ஏறுங்க, படியில நிக்காதீங்க" என்று பழக்கதோஷத்தில் கத்திக்கொண்டிருந்தார். பாங்க் ஐயா ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினார். டீச்சர் அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். ஒவ்வொரு பொருள் போகும்போதும் நாக்கின் நுனி வரை கேள்வி வந்தது. ஒரு பெண் பிரின்டரைத் தூக்கிக்கொண்டு போகையில் தாங்க முடியாமல், "அம்மா, பேப்பரை உதறிட்டுத்தானே..." என்று ஆரம்பித்துவிட்டார். டிரைவர் வாசலிலிருந்து பலமாக இருமினார். டீச்சர் வாயை மூடிக்கொண்டு, "நல்லபடியா எடுத்துட்டுப் போ" என்றார்.

மத்தியானத்துக்குள் அவருக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. அதுவரை பிடிவாதமாக வைத்திருந்தவர் இப்போது பிடிவாதமாகக் கொடுத்தார். யாராவது தயங்கி நின்றால், "எடுத்துக்க, எடுத்துக்க, அப்புறம் மனசு மாறிடும்" என்று கையில் திணித்தார். மேல்சாமான் போய் நடுசாமான் போய் அடிசாமானும் போனது. தையல்காரம்மாவின் கடையில் வேலை செய்யும் பெண் கூச்சத்தோடு எதையோ காட்டி, "இதுவும் எடுத்துக்கலாமா டீச்சர்?" என்று கேட்டபோது டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருக்கிறதெல்லாம் எடுத்துக்க" என்று கை வீசினார்.

சாயங்காலம் அறையைப் பெருக்கித் துடைத்தார்கள். பிறகு டீச்சர் போனைக் கையில் எடுத்தார். வகுப்பில் அவ்வளவு பேசுகிறவருக்கு மகளிடம் எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

"பாப்பா, ரூம் பாத்துட்டியா?"

"நாளைக்குச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்மா."

"சொல்லாத. இங்க ஒரு ரூம் காலியா இருக்கு."

"எந்த ரூம்?"

"உன் ரூம்தான்."

மகள் மெதுவாக, "கதவு முழுசா திறக்குதாம்மா?" என்று கேட்டாள்.

"சுவத்துல போய் முட்டுது."

"அப்பா சொல்லிட்டாரா?"

"உங்கப்பா எங்க சொன்னாரு. என்கிட்ட ஒழுங்கா ஃபீஸ் கட்டிப் படிச்சாரு."

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது போலக் கேட்டது. டீச்சர் அதைக் கவனிக்காத மாதிரி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் மகள் இரண்டு பைகளோடு வந்து இறங்கினாள். டிரைவர் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, டீச்சர் பெருமையாக அந்தக் கதவைத் தள்ளினார். கதவு அகலத் திறந்து சுவரில் டொம்மென்று இடித்தது. வெயில் ஜன்னல் வழியாக விழுந்து தரை முழுக்கப் பரவியிருந்தது. மகள் வாசலிலேயே நின்றாள்.

"அம்மா."

"ம்?"

"கட்டில் எங்க?"

டீச்சர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் டீச்சரைப் பார்த்தார். அந்த அறையில் மகளின் கட்டில் ஒன்று இருந்தது என்பதையே இருவரும் மறந்து போயிருந்தார்கள். அத்தனை சாமானும் அதன் மேலும் அதைச் சுற்றியும்தான் ஏறி உட்கார்ந்திருந்தது. டீச்சர் படபடவென்று போனை எடுத்து வரைபடத்தைத் தேடினார். தையல்கடைப் பெண் வீட்டில், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தக் கட்டிலின் மேல் நின்று குதிக்கிற படம் வந்தது.

"ஐயோ, நான் ஒரு மடச்சி. இரு, இப்பவே போய்க் கேட்டு வாங்கிட்டு வந்துடறேன்."

"போம்மா, குழந்தைங்க குதிக்குதுங்க. அதைப் போய்க் கேப்பாங்களா?"

மகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அறையின் நடுவில் உட்கார்ந்தாள். பிறகு அப்படியே மல்லாந்து படுத்து, வலது கையை மெதுவாக, இடிக்குமோ என்று பார்க்கிறவள் போல, பக்கவாட்டில் நீட்டினாள்.

"இவ்வளவு பெரிய ரூமாம்மா இது?" என்றாள். "நான் இங்க கை நீட்டிப் படுத்ததே இல்ல தெரியுமா? ஸ்கூல் படிக்கறப்பவும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே ஆச்சரியம். டீச்சருக்குத்தான் அப்போது உறைத்தது. அப்படியானால் இந்த அறை மகள் ஊரைவிட்டுப் போன பிறகு நிறைந்ததில்லை. அவள் இருந்தபோதே அவளைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டுத்தான் நிறைந்திருக்கிறது. அவள் வளர்ந்த காலம் முழுக்க ஒடுங்கிப் படுத்திருக்கிறாள், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, ஒரு நாளும் அம்மா கண்ணில் அது படவும் இல்லை.

டீச்சர் மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார்.

"இப்ப நீட்டிக்கோ கண்ணு" என்றார்.

மகள் இன்னொரு கையையும் நீட்டினாள்.